தும்மலும் தொழிலாளர் பிரச்சினையே

(தலைநகர் தில்லியில் பணிபுரியும் தமிழ்த் தோழர்களுக்கான தொழிற்சங்க வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

தொழிற்சங்க வகுப்புகளில் கூலி பேசப்படுகிறது, பணிநேரம் பேசப்படுகிறது, சட்டத் தொகுப்புகள் பேசப்படுகின்றன. மூக்கைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தும்மல், மூக்கடைப்பு, மூக்கு ஒழுகுதல், கண் அரிப்பு, தொண்டை எரிச்சல் ஆகியவை அவரவர் உடல்வாகு என்றும், குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றும், தில்லிக்கு வந்தால் இப்படித்தான் என்றும் ஒதுக்கப்படுகின்றன. ஆனால் இந்த நகரில் வேலைக்குப் போய்வரும் உழைப்பாளி ஒருவரைக் கேட்டால், அக்டோபர் முதல் பிப்ரவரி வரை புகை, மார்ச் முதல் மே வரை மகரந்தமும் மணற்புழுதியும், மழைக்குப் பின் பூஞ்சை என ஆண்டு முழுவதும் மூக்கு ஏதேனும் ஒன்றுடன் போராடிக்கொண்டே இருப்பதாகச் சொல்வார். அந்தப் போராட்டம் கடுமையாக நடக்கும் இடம் வீடும் அல்ல, பணியிடமும் அல்ல. இரண்டுக்கும் இடைப்பட்ட சாலை.

ஒரு கணக்கைப் பாருங்கள். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் பயணம் செய்யும் தொழிலாளி ஆண்டில் 300 நாள் வேலைக்குச் செல்கிறார் என்றால், அவர் சாலையில் கழிப்பது 1,200 மணி நேரம். எட்டு மணி நேரப் பணிநாளாக எண்ணினால் 150 பணிநாள்கள். இந்த 150 நாளுக்குக் கூலி இல்லை. அது மட்டுமல்ல, நிமிடத்திற்குப் பதினாறு முறை மூச்சு வாங்குவதாகக் கொண்டால், நாள்தோறும் அந்த நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 3,800 முறை அவர் உள்ளிழுப்பது நகரின் மிக மோசமான காற்றை. பயண நேரத்தின் உழைப்பு கணக்கில் வராததைப் போலவே, பயண நேரத்தின் நோயும் கணக்கில் வருவதில்லை. இன்றைய பேச்சின் மையக் கருத்து இதுதான்.

மூக்கு செய்யும் வேலை

மூக்கு வெறும் காற்றுக்குழாய் அன்று. உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, வடிகட்டி நுரையீரலுக்கு அனுப்பும் உறுப்பு அது. மூக்கின் உட்சவ்வில் சுரக்கும் சளியும் அதன்மேல் அசையும் நுண்மயிர்களும் பெரிய துகள்களைப் பிடித்துத் தொண்டைக்குத் தள்ளுகின்றன. மகரந்தத் தூள்களில் பெரும்பாலானவை 10 மைக்ரானுக்கு மேற்பட்டவை. ஆகவே அவை மூக்கிலேயே சிக்கிக்கொள்கின்றன. வாகனப் புகையிலும் நிலக்கரிப் புகையிலும் நிறைந்துள்ள 2.5 மைக்ரானுக்குக் குறைந்த நுண்துகள்கள் இந்தக் காவலைக் கடந்து நுரையீரலின் அடி ஆழம் வரை செல்கின்றன. மனிதத் தலைமுடியின் தடிமன் ஐம்பது முதல் எழுபது மைக்ரான் என்பதை நினைத்தால், இந்த நுண்துகள் எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

மூக்கின் தொல்லையில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் பிரித்தறிவது முக்கியம். ஏனெனில் மருந்து வேறுபடும். முதல் வகை ஒவ்வாமை. உடலின் நோயெதிர்ப்பு மண்டலம், தீங்கற்ற மகரந்தத்தையோ வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணியையோ பகையாக எடுத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதே பொருள் மூக்கில் படும்போது, சவ்விலுள்ள அணுக்கள் ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை வெளிவிடுகின்றன. அடுக்கடுக்கான தும்மல், நீர்போல் ஒழுகும் மூக்கு, மூக்கிலும் கண்ணிலும் அண்ணத்திலும் அரிப்பு ஆகியவை அதன் விளைவு. காய்ச்சல் இருக்காது. இரண்டாம் வகை வெறும் எரிச்சல். புகை, கந்தக வாயு, சிமெண்டுத் தூசி, வாசனைத் தெளிப்பான், நாற்பது டிகிரி வெயிலிலிருந்து குளிரூட்டிய மெட்ரோப் பெட்டிக்குள் திடீரென நுழைதல் ஆகியவை ஒவ்வாமை இல்லாதவரின் மூக்கையும் அடைக்கும், எரிக்கும். இங்கே அரிப்பு குறைவு. அடைப்பும் எரிச்சலும் கூடுதல். ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரை இதற்குப் பெரிதாகப் பயன்படாது.

சாலையில் செல்பவருக்கு இவ்விரண்டும் ஒருங்கே நேர்கின்றன என்பதுதான் சிக்கல். டீசல் புகைத் துகள்கள் மூக்குச் சவ்வைப் புண்படுத்துவதோடு, மகரந்தத்திற்கு எதிரான ஒவ்வாமை வினையையும் பெருக்குகின்றன என்பது ஆய்வுக்கூடங்களில் மெய்ப்பிக்கப்பட்டது. ஜப்பானின் நிக்கோ பகுதியில் 1980களில் நடந்த ஆய்வொன்று இதைக் களத்திலேயே காட்டியது. ‘ஜப்பானிய தேவதாரு’ எனப்படும் மரங்களின் மகரந்தத்தால் வரும் ஒவ்வாமை, அம்மரங்கள் அடர்ந்த காட்டுப்பகுதியில் வாழ்ந்தோரைவிட, அதே மரங்கள் நின்ற போக்குவரத்து மிகுந்த நெடுஞ்சாலையோரம் வாழ்ந்தோரிடம் கூடுதலாக இருந்தது. மரம் ஒன்றே, வேறுபாடு சாலையில் இருந்தது.

கனவான்களின் நோயாக இருந்த காலம்

மூக்கு ஒவ்வாமையின் வரலாற்றில் வர்க்க முத்திரை தொடக்கத்திலேயே பதிந்துள்ளது. 1819இல் இலண்டன் மருத்துவர் ஜான் போஸ்டாக் கோடைதோறும் தமக்கு வரும் கண்ணரிப்பையும் தும்மலையும் முதன்முதலாக மருத்துவ உலகின்முன் விவரித்தார். 1873இல் மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி, பசை தடவிய கண்ணாடித் தகடுகளைப் பட்டத்தில் கட்டி வானில் பறக்கவிட்டு, காற்றில் மிதக்கும் மகரந்தத்தை அளந்து, அதுவே நோய்க்குக் காரணம் என்று நிறுவினார். அந்தக் காலத்தில் இது படித்த, வசதி படைத்த வர்க்கத்தின் நோயாகவே கருதப்பட்டது. வயலில் மகரந்தத்தின் நடுவே உழைக்கும் விவசாயத் தொழிலாளிக்கு வராத நோய் என்று பிளாக்லியே வியந்தார். அமெரிக்காவில் வசதியுள்ள நோயாளிகள் கோடையில் மலைவாசத் தலங்களுக்குச் சென்று தங்கினர். அதற்கெனவே ஒரு சங்கமும் வைத்திருந்தனர்.

அதே மான்செஸ்டரை அதற்கு முப்பது ஆண்டுகள் முன்னர் எங்கெல்ஸ் பார்த்த விதம் வேறு. 1845இல் வெளிவந்த ‘இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை’ நூலில் அவர் நகரின் அமைப்பையே வர்க்கக் கண்ணோட்டத்தில் விளக்குகிறார். செல்வந்தர்கள் காற்றோட்டமான மேட்டுப் பகுதிகளில் குடியிருக்கின்றனர். அங்கிருந்து கால்மணிக்கும் அரைமணிக்கும் ஒருமுறை நகருக்குள் வண்டிகள் ஓடுகின்றன. இருபுறமும் கடைகள் வரிசையாக நிற்கும் அந்தச் சாலைகளில் செல்வோர், பின்னால் மறைந்துள்ள தொழிலாளர் குடியிருப்புகளின் அழுக்கைக் காணாமலேயே தம் அலுவலகத்திற்குப் போய்ச் சேரலாம். யார் எங்கே குடியிருப்பது, எந்த வழியாகப் பயணம் செய்வது, எந்தக் காற்றை மூச்சாக வாங்குவது என்னும் மூன்றும் ஒரே கேள்வியின் கிளைகள் என்பதை எங்கெல்ஸ் அன்றே காட்டினார். இன்றைய தில்லிக்கு அந்தப் பக்கங்கள் அப்படியே பொருந்துகின்றன.

மலைவாசத் தலத்தின் இடத்தில் இன்று கண்ணாடி ஏற்றிய குளிரூட்டப்பட்ட கார் இருக்கிறது. வீட்டிலும் அலுவலகத்திலும் காற்றுத் தூய்மையாக்கி இயங்குகிறது. ஆட்டோவில் செல்பவருக்கு அது இல்லை. 2010ஆம் ஆண்டு தில்லி ஆட்டோக்களுக்குள் எடுக்கப்பட்ட அளவீடுகள், அங்குள்ள நுண்துகளின் அளவு நகரின் பொதுக் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எனக் காட்டின. நகரின் அளவு எனச் செய்திகளில் நாளும் சொல்லப்படுவது சாலையில் மூச்சு வாங்குபவரின் அளவு அன்று. அவருடையது அதைவிடக் கூடுதல். அந்த ஆட்டோவை ஓட்டுபவர் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அதிலேயே அமர்ந்திருக்கிறார்.

தில்லியின் காற்றும் அளவுகோல்களும்

நுண்துகளுக்கு இந்தியா 2009இல் வகுத்த வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம். ஒரு நாள் சராசரி 60. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வரம்பு முறையே 5, 15. தில்லியின் ஆண்டுச் சராசரி இந்தியாவின் தளர்ந்த வரம்பையே இரு மடங்குக்கு மேல் தாண்டி நிற்கிறது. குளிர்கால நாள்களில் பல மடங்கு தாண்டுகிறது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று 2012இலும், வெளிக்காற்று மாசு முழுவதுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று 2013இலும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்துவிட்டது. ஆகவே மூக்கில் தொடங்கும் எரிச்சல் ஒரு முன்னறிவிப்பு. மூக்கும் நுரையீரலும் ஒரே காற்றுப்பாதையின் இரு முனைகள். மூக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்புக் கூடுதல்.

குளிர்காலத்தில் தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின்மேல் வெப்பக் காற்று மூடிபோல் கவிந்துகொள்வதால், புகை மேலே எழ முடியாமல் தங்கிவிடுகிறது. இது மிகக் கடுமையாக இருப்பது பின்னிரவிலும் அதிகாலையிலும். அந்த நேரத்தில் சாலையில் இருப்போர் யார்? துப்புரவுத் தொழிலாளர்கள், இரவுக் காவலர்கள், முதல் ஷிப்ட் செல்லும் ஆலைத் தொழிலாளர்கள், எஜமானர் எழுமுன் அடுக்களையை அடைய வேண்டிய வீட்டுவேலைத் தொழிலாளர்கள், பால், காய்கறி சுமப்பவர்கள். மாசு உச்சம் தொடும்போது அலுவலகங்களில் பாதிப் பேர் வீட்டிலிருந்து பணியாற்றலாம் என்று ஆணை வருகிறது. துடைப்பத்தையும் ஸ்டியரிங்கையும் வீட்டிலிருந்து இயக்க முடியாது.

குளிர் போனதும் மகரந்தம் வருகிறது. இங்கும் வரலாறு உண்டு. பிரிட்டிஷ் ஆட்சி புதுதில்லியை எழுப்பியபோது ரிட்ஜ் காட்டை விரைவில் பசுமையாக்கப் பரப்பிய மரம், தமிழ்நாட்டுத் தோழர்கள் நன்கறிந்த சீமைக் கருவேலம். அதன் மகரந்தம் தில்லியின் முக்கிய ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்று. சாலையோரங்களிலும் காலி மனைகளிலும் மண்டும் பார்த்தீனியத்தை வடஇந்தியாவில் ‘காங்கிரஸ் புல்’ என்பார்கள். 1950களில் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கோதுமையோடு வந்தது எனப் பரவலாகக் கருதப்படும் களை அது.

வைக்கோல் எரிப்பைப் பற்றி ஒரு சொல். நவம்பர் மாதத்தில் தில்லியின் தும்மலுக்கெல்லாம் பஞ்சாப், அரியானா விவசாயிகளே காரணம் என்று சித்திரிப்பது ஆட்சியாளர்களுக்கு வசதி. வைக்கோல் புகை சில வாரங்களுக்குக் காற்றை மேலும் கெடுக்கிறது என்பது உண்மை. அதற்கு மாற்று எந்திரமும் விலை ஆதரவும் தர வேண்டியது அரசு. ஆனால் சாலையில் செல்பவரின் மூக்கு பிப்ரவரியிலும் எரிகிறது. அந்த மாதத்தில் எரிவது வைக்கோல் அன்று.

நாற்பது கிலோமீட்டர்

தில்லியில் வாழும் தமிழ் உழைப்பாளிகளுக்கு இது எட்ட நின்று பேசும் செய்தி அன்று. ஜங்புராவில் பாராபுலா வடிகாலின் கரையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இருந்த மதராசி முகாம் 2025 ஜூன் 1ஆம் நாள் இடித்துத் தள்ளப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. அவற்றில் வாழ்ந்தோரில் ஒரு பகுதியினருக்கு மட்டுமே மாற்றுக் குடியிருப்பு. அதுவும் ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு அப்பால், நகரின் வடக்கு எல்லையில், மெட்ரோப் பாதை இன்னும் சென்று சேராத நரேலாவில். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் ஜங்புராவிலும் அதைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் வீட்டுவேலை செய்பவர்கள். நடந்தே சென்று அடைந்த வேலைக்கு நரேலாவிலிருந்து வர வேண்டுமானால், பேருந்து மாறி மாறி இரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகும்.

இது புதிய வழக்கமும் அன்று. 2004இல் யமுனைக் கரையிலிருந்து அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பவானாவுக்கு அனுப்பப்பட்டன. நகரை அழகாக்குவதாகவும் தூய்மையாக்குவதாகவும் சொல்லி ஏழைகளை விளிம்புக்குத் தள்ளும்போது, அவர்கள் இழப்பது வீட்டை மட்டும் அன்று. நாளொன்றுக்கு மூன்று, நான்கு மணி நேரத்தையும், அந்த நேரத்திற்குரிய மூச்சையும் இழக்கிறார்கள். வெளியேற்றத்திற்கு முன் கால்மணி நேரம் சாலையில் இருந்த பெண்ணின் மூக்கு, வெளியேற்றத்திற்குப் பின் பல மடங்கு நேரம் புகையில் இருக்கிறது. அவர் தும்மினால் வீட்டுக்காரர் முகத்தைச் சுளிக்கிறார். கொரோனாக் காலத்திற்குப் பிறகு தும்மும் வேலைக்காரப் பெண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்புவோர் உண்டு. ஒவ்வாமை தொற்றாது என்பதைச் சொல்லவும் அவருக்கு வாய்ப்பில்லை. அன்றைய கூலியும் இல்லை.

செய்யத் தக்கதும் செய்யத் தகாததும்

காற்று மாறும்வரை மூச்சை நிறுத்திவைக்க முடியாது. ஆகவே தோழர்கள் தம் சங்கத்தில் உள்ளவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய சில நடைமுறைகள் இவை.

முதலாவது முகக்கவசம். கைக்குட்டையும் துப்பட்டாவும் புழுதியை ஓரளவு தடுக்கும், நுண்துகளைத் தடுக்காது. என்-95 வகைக் கவசம் முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தினால் மட்டுமே பயன் தரும். ஓரங்களில் காற்று புகுந்தாலும், அடர்ந்த தாடி இருந்தாலும் பயன் குறையும். காற்றோட்டத்தில் உலரவைத்துச் சில நாள்கள் மீண்டும் பயன்படுத்தலாம், துவைக்கக் கூடாது. பட்டை தளர்ந்தாலோ அழுக்கேறினாலோ மாற்ற வேண்டும். இருசக்கர வண்டியில் செல்வோர் தலைக்கவசத்தின் முன்கண்ணாடியை இறக்கிவிட்டால் கண்ணுக்கும் காப்பு.

இரண்டாவது, உப்புநீர்க் கழுவல். இது மலிவானது, பெரும்பாலோருக்குப் பயன் தருவது. கொதிக்கவைத்து ஆறிய ஒரு குவளை, அதாவது 250 மில்லி நீரில், அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, ஒரு நாசியில் மெல்ல விட்டு மறு நாசி வழியே வெளியேற்ற வேண்டும். மாலையில் வீடு திரும்பியதும் செய்வது நல்லது. நாள் முழுவதும் படிந்த தூளை அது வெளியேற்றுகிறது. கொதிக்கவைக்காத குழாய்நீரையோ கிணற்று நீரையோ மூக்கினுள் ஒருபோதும் விடக்கூடாது. நீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கும் என்பதைக் கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் ஏற்பட்ட மரணங்கள் உணர்த்தியுள்ளன. வீடு திரும்பியதும் முகம், கண், கை கழுவி, உடை மாற்றுவதும் இதனோடு சேர்ந்தது. சாலையின் தூள் தலையணை வரை செல்ல விடக்கூடாது.

மூன்றாவது மாத்திரை. மருந்துக் கடையில் கேட்டதும் கிடைக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகளான குளோர்பெனிரமின், பெனிரமின் ஆகியவை தூக்கத்தை வரவழைக்கும். பேருந்து, ஆட்டோ, லாரி ஓட்டுபவரும், எந்திரத்தில் நிற்பவரும், உயரத்தில் கட்டட வேலை செய்பவரும் அவற்றை உண்டு பணிக்குச் செல்வது உயிருக்கே ஆபத்து. செட்ரிசினும் சிலருக்கு மயக்கம் தரும். லோராடடின், பெக்சோபெனடின் ஆகியவை தூக்கம் குறைவாக வருவிப்பவை. எதுவாயினும் முதல் மாத்திரையை விடுப்பு நாளில் உண்டு பார்ப்பதே அறிவு. மருத்துவரிடம் தம் தொழில் இன்னதென்று தொழிலாளி கட்டாயம் சொல்ல வேண்டும்.

நான்காவது, மூக்கில் விடும் மருந்து. உடனே அடைப்பைத் திறக்கும் சொட்டுமருந்துகளான சைலோமெட்டசோலினும் ஆக்சிமெட்டசோலினும் ஓரிரு நாள் ஆறுதலுக்கு மட்டுமே. ஐந்து நாளைத் தாண்டித் தொடர்ந்தால் மருந்தே அடைப்பை உண்டாக்கும். பின்னர் அது இல்லாமல் மூச்சுவிட முடியாத நிலை வரும். ஆண்டுக்கணக்கில் சட்டைப் பையில் அந்தக் குப்பியைச் சுமக்கும் ஓட்டுநர்கள் ஏராளம். இதற்கு மாறாக, மருத்துவர் எழுதித்தரும் ஸ்டீராய்டுத் தெளிப்பு மருந்து நாள்தோறும் பயன்படுத்த வேண்டியது. முழுப் பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகும். இரண்டு நாளில் பலன் இல்லை என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். தெளிப்பின் முனை மூக்கின் நடுச்சுவரை நோக்காமல், வெளிப்பக்கம் கண்ணின் திசையை நோக்க வேண்டும்.

ஐந்தாவது ஓர் எச்சரிக்கை. ‘ஓர் ஊசி போட்டால் ஒரு பருவம் முழுவதும் தும்மல் வராது’ என்று ஸ்டீராய்டு ஊசி போடும் போலி மருத்துவர்கள் தொழிலாளர் குடியிருப்புகளில் உண்டு. அது சர்க்கரை நோயையும் எலும்புத் தேய்வையும் தொற்றுநோயையும் அழைக்கும் வழி. மூச்சு வாங்கும்போது சீழ்க்கை ஒலி, இரவில் தொடர் இருமல், மார்பு இறுக்கம் ஆகியவை இருந்தால் அது மூக்கோடு நிற்கவில்லை என்று பொருள். மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரண்டு வாரத்திற்கு மேற்பட்ட இருமலுக்குக் காசநோய்ச் சோதனையும் தேவை. எல்லாவற்றையும் ‘அலர்ஜி’ என்று சொல்லிக் கடத்திவிடக் கூடாது.

முகக்கவசம் தீர்வாகுமா?

இவையெல்லாம் ஆறுதல், தீர்வு அன்று. நாள்தோறும் கவசம், தெளிப்பு மருந்து, மாத்திரை என்று கூலியின் ஒரு பகுதியைத் தொழிலாளி செலவிட்டு, அதே காற்றில் அதே நான்கு மணி நேரம் நிற்பது என்பது, மாசுபடுத்துபவரின் செலவை மாசுக்கு உள்ளாகுபவரே சுமப்பதாகும்.

தூய காற்றின் பெயரால் எடுக்கப்பட்ட நடவடிக்கைகளையும் வர்க்கப் பார்வையில் எடைபோட வேண்டும். உச்ச நீதிமன்ற ஆணையால் 1996இல் தில்லியில் 168 ஆலைகள் மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பிழைப்பை இழந்தனர். 1998 ஜூலை 28ஆம் நாள் ஆணை வேறு வகையானது. பேருந்துகள் அனைத்தும் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்றதோடு, 2001க்குள் பேருந்துகளின் எண்ணிக்கை பத்தாயிரமாக உயர வேண்டும் என்றும் அது கூறியது. எரிவாயுப் பகுதி 2002 இறுதிக்குள் நிறைவேறியது. பத்தாயிரம் என்ற பகுதி மறக்கப்பட்டது. மக்கள்தொகை 1991இல் 94 லட்சமாக இருந்து 2011இல் 1 கோடி 68 லட்சமாகப் பெருகிய நகரில், இன்றும் ஓடும் பேருந்துகள் அந்தப் பத்தாயிரத்தைவிடக் குறைவே. பேருந்து வராத நிறுத்தத்தில், புகையின் நடுவே நிற்கும் ஒவ்வொரு அரைமணி நேரமும் அந்த மறதியின் விலை. மறுபுறம், 2017இல் ஒரே ஆண்டில் இருமுறை உயர்த்தப்பட்டதில் மெட்ரோவின் உச்சக் கட்டணம் 30 ரூபாயிலிருந்து 60 ரூபாய் ஆயிற்று. 2025இல் மீண்டும் உயர்ந்தது. தூய காற்றுள்ள பெட்டியில் ஏறும் உரிமை, கட்டணத்தால் வடிகட்டப்படுகிறது. பெண்களுக்கு 2019 முதல் தில்லிப் பேருந்துகளில் கிடைத்த கட்டணமில்லாப் பயணம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை உழைக்கும் பெண்களே சொல்வார்கள். ஆனால் பேருந்து வந்தால்தானே ஏற முடியும்.

2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் நிதியில் பெரும்பகுதி சாலையில் தண்ணீர் தெளிப்பது, புழுதி அகற்றுவது என்றே செலவானது. மாசு மிகும்போது கட்டுமானம் நிறுத்தப்படுகிறது; கட்டடத் தொழிலாளியின் அடுப்பும் அத்துடன் நிற்கிறது. கட்டுமானத் தொழிலாளர் நலவரியிலிருந்து அந்த நாள்களுக்கு அவர்களுக்கு உதவித்தொகை தர வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பதிவு பெறாத தொழிலாளிக்கு அது எட்டுவதில்லை. எனவே பதிவு செய்விப்பதும் காற்றுக்கான போராட்டத்தின் ஒரு பகுதியே.

சட்டத்தில் திறந்திருக்கும் ஒரு கதவு

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தில் 2010ஆம் ஆண்டு ஒரு முக்கியத் திருத்தம் வந்தது. வீட்டிலிருந்து பணியிடத்திற்குச் செல்லும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்து, நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றால் வேலையோடு தொடர்புடையதெனக் காட்டப்பட்டால், பணியின்போது நேர்ந்த விபத்தாகவே கருதப்படும் என்று 51ஈ பிரிவு கூறியது. நெடுங்காலம் தொழிலாளர் தரப்பு வற்புறுத்திய உண்மையைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. வேலைக்குப் போகும் வழியும் வேலையின் பகுதியே என்பதுதான் அந்த உண்மை.

அந்தச் சாலையில் லாரி மோதினால் அது பணி சார்ந்த பாதிப்பு. அந்த லாரியின் புகை இருபது ஆண்டுகள் மூக்கிலும் மார்பிலும் மோதினால் அது அவரவர் உடல்வாகு! இந்த முரண்பாட்டைத்தான் தொழிற்சங்கங்கள் கையில் எடுக்க வேண்டும். விபத்துக்கு ஏற்கப்பட்ட கொள்கையை நோய்க்கும் நீட்டிக்கக் கோருவது நியாயமற்ற கோரிக்கை அன்று. பணிநேரம் என்பது இயற்கை வகுத்த எல்லை அன்று. வர்க்கப் போராட்டம் வகுக்கும் எல்லை என்று ‘மூலதனம்’ முதல் தொகுதியில் மார்க்ஸ் நிறுவினார். பயண நேரத்தின் எல்லையும் அப்படித்தான் வகுக்கப்படும்.

காப்பீட்டு வளையத்தின் குறுகலும் இங்கே பேசப்பட வேண்டும். மாதம் 21,000 ரூபாய் என்ற ஊதிய வரம்பு 2017இல் வகுக்கப்பட்டது. விலைவாசி ஏற அந்த வரம்பு நிற்க, ஆண்டுதோறும் தொழிலாளர்கள் வளையத்திலிருந்து வெளியே விழுகின்றனர். வீட்டுவேலைத் தொழிலாளியும் ஆட்டோ ஓட்டுநரும் நடைபாதை வணிகரும் உள்ளேயே வரவில்லை. வாசலுக்கு உணவு கொண்டுவரும் இளைஞர் நாள் முழுவதும் சாலையிலேயே வாழ்கிறார். அவருக்குப் பயணமே வேலை.

கிளைகளின் பணி

தோழர்களே! கட்சிக் கிளைகளும் சங்கங்களும் உடனே தொடங்கக்கூடிய பணிகள் உள்ளன. ஒவ்வொரு சங்கமும் தன் உறுப்பினர்களின் பயண நேரத்தையும், மூக்கு, மார்புத் தொல்லைகளையும், அதனால் இழந்த பணிநாள்களையும் ஓர் எளிய படிவத்தில் பதிவு செய்யலாம். அரசிடம் இல்லாத கணக்கை உழைப்பாளிகளே உருவாக்கினால், பேச்சுவார்த்தை மேசையில் அது ஆயுதமாகும். மருத்துவர்களாக உள்ள தோழர்கள் குடியிருப்புகளில் முகாம் நடத்தி, மூச்சுத் திறன் சோதித்து, மலிவான மருந்தை உரிய முறையில் பயன்படுத்தக் கற்றுத்தரலாம். மக்கள் மருந்தகங்களில் பொதுப்பெயர் மருந்து கேட்டு வாங்கப் பழக்கலாம்.

கோரிக்கைகளும் தெளிவானவை. சாலையில் பணிபுரியும் ஒவ்வொருவருக்கும் நிர்வாகச் செலவில் தரமான கவசம்; மாசு உச்ச நாள்களில் ஊதிய இழப்பின்றிப் பணிநேர மாற்றம்; துப்புரவுத் தொழிலாளியின் பணி தொடங்கும் நேரத்தை அதிகாலையிலிருந்து தள்ளிவைத்தல்; காப்பீட்டு மருந்தகங்களில் தெளிப்பு மருந்தும் மூச்சுச் சோதனையும்; போதிய எண்ணிக்கையில் மின்சாரப் பேருந்துகள், அவை அரசுத் துறையிலேயே, நிரந்தரத் தொழிலாளர்களோடு; குடிசை மாற்று என்றால் வாழ்ந்த இடத்திலேயே அல்லது அதன் அருகிலேயே. கடைசிக் கோரிக்கை மூக்குக்குத் தொடர்பற்றது போல் தோன்றும். நரேலாவிலிருந்து நாள்தோறும் ஜங்புராவுக்கு வரும் பெண்ணைக் கேட்டால் அது எவ்வளவு தொடர்புடையது என்பதை அவர் சொல்வார்.

தூய காற்று கோருவோர் ஒருபுறமும், வேலை கோருவோர் மறுபுறமும் நிற்பதாகக் காட்டுவது ஆளும் வர்க்கத்தின் பழைய உத்தி. அந்தக் காற்றை அதிக நேரம், அதிக ஆழமாக இழுப்பவர்கள் உழைப்பவர்களே. ஆகவே காற்றுக்கான போராட்டத்திற்குத் தலைமை தாங்கும் தகுதியும் கடமையும் அவர்களுக்கே உண்டு. அடுத்த பேரவைத் தீர்மானங்களில் கூலிக்கும் பணிநேரத்திற்கும் அருகில், பயண நேரமும் பயணத்தின் காற்றும் இடம்பெறட்டும்.